பேணிக்குள் எத்தனை கிராம்?

எமது பகுதியிலுள்ள முன்பள்ளி ஒன்றில், ஊர்த் தாய்மாருடன் சேர்ந்து மதிய உணவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தோம். பிள்ளைகள் 24 பேர். வாரத்தில் மூன்று நாள் சோறு, இரண்டு நாள் மக்கறோனி என்பது ஏற்பாடு. மக்கறோனியைப் பிள்ளைகள் விரும்பி உண்பார்கள். கரட், லீக்ஸ், முட்டை என்று கிடைப்பதைப் போட்டுச் சமைக்கலாம். ஒரு பிள்ளைக்குச் சமைக்காத மக்கறோனி 50 கிராம் என்று கணக்கிட்டு, உணவு அட்டவணையை அழகாக எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினோம். 24 பிள்ளைகளுக்கும் ஒரு நாளைக்கு 1200 கிராம். பத்துக் கிலோப் பை ஒன்று எட்டு நாள் சமையலுக்குக் காணும். வாரத்தில் இரண்டு நாளானபடியால் நான்கு வாரம் செல்லும் என்று எதிர்பார்த்தோம்.

பை ஏழு வாரம் சென்றது.

கூட்டத்திலே கணக்கு வாசிக்கப்பட்டபோது எல்லோருக்கும் மகிழ்ச்சி. சமையல் பொறுப்பிலிருந்த அக்காவின் சிக்கனத்தை நாமும் பாராட்டிப் பேசினோம். அப்பொழுது பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து, "மக்கறோனி குடுக்கிற நாளிலை என்ர பிள்ளை வீட்டை வந்ததும் சோறு கேக்கிறான். சோத்து நாளிலை அப்பிடிக் கேக்கிறதில்லை" என்றார். பிள்ளைக்குச் சோறுதான் பிடிக்கும் போலும் என்று யாரோ சிரித்துச் சொல்ல, கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டது. எமக்கு மட்டும் அந்த ஏழு வாரம் மனதை உறுத்திக்கொண்டிருந்தது.

அடுத்த மக்கறோனி நாளில் சமையலறைக்குச் சென்று பார்த்தோம். அக்கா ஒரு ரின்பால் பேணியால் ஐந்து தரம் அள்ளிப் போட்டார். எப்படி இந்தக் கணக்கு வந்தது என்று கேட்டோம். "ஒரு பேணி கால் கிலோதானே ஐயா. அஞ்சு பேணி ஒண்டேகால் கிலோ. நீங்கள் எழுதி ஒட்டினதிலும் பாக்கக் கொஞ்சம் கூடத்தான் போடுறன்" என்றார். அவர் களவெடுக்கவுமில்லை, கஞ்சத்தனம் பண்ணவுமில்லை. அரிசிக்குப் பழகிய கையால் மக்கறோனியை அளந்திருக்கிறார், அவ்வளவுதான். சுவரிலே கிராமில் எழுதி ஒட்டிய நாமோ அந்தச் சமையலறையில் தராசு ஒன்று இருக்கிறதா என்று ஒரு நாளாவது பார்க்கவில்லை.

கடையொன்றில் தராசை இரவல் வாங்கி வந்து நிறுத்தோம். அந்தப் பேணி நிறைய மக்கறோனி, தலைதட்டி அளந்தபோது, 140 கிராம் இருந்தது. ஐந்து பேணிக்கு 700 கிராம். அதை 24 பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு 29 கிராம். ஐம்பது கிராம் கிடைக்கவேண்டிய பிள்ளை ஏழு வாரமாக முப்பதும் இல்லாமல் உண்டிருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் அது சேமிப்பாகப் பதிவாகியிருந்தது.

ஒரே பேணி, ஒரே கை. அரிசிக்குச் சரியாக வந்த கணக்கு மக்கறோனிக்கு ஏன் பிழைத்தது? நிறை வேறு, கனவளவு வேறு. தராசு காட்டுவது நிறை. பேணி, சுண்டு, கொத்து, புசல் எல்லாம் காட்டுவது கனவளவு, அதாவது ஒரு பொருள் அடைக்கின்ற இடம். பேணியை நிரப்பும்போது பொருளை மட்டும் நாம் நிரப்புவதில்லை. மணிகளுக்கு இடையிலே உள்ள காற்றையும் சேர்த்தே நிரப்புகிறோம்.

எமது விவசாயிகளுக்கு இது தெரியாத விடயமல்ல. ஒரு புசல் நெல் 46 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 21 கிலோ. அதே புசலிலே அரிசியை அளந்தால் 64 இறாத்தல், ஏறக்குறைய 29 கிலோ. புசல் பெட்டி ஒன்றுதான். ஆனால் நெல்லுக்கு உமி உண்டு. உமிக்குள்ளும் உமிகளுக்கு இடையிலும் காற்று உண்டு. நெல்லுக்கும் அரிசிக்கும் கணக்கு வேறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அதே வீட்டில், பேணி மட்டும் எல்லாப் பொருளுக்கும் கால் கிலோவாக இருக்கிறது!

அந்தக் கால் கிலோ எங்கிருந்து வந்தது? முன்னாளில் 32 கொத்து ஒரு புசல், நாலு சுண்டு ஒரு கொத்து. ஒரு கொத்து அரிசி இரண்டு இறாத்தல். ஆகவே ஒரு சுண்டு அரிசி அரை இறாத்தல், ஏறக்குறைய 227 கிராம். 14 அவுன்ஸ் ரின்பால் வந்த பேணி சுண்டிலும் சிறிது பெரியது. அதனால் சுண்டுக்குப் பதிலாக அதுவே அளவையாகிவிட்டது. பல வீடுகளில் பேணியைச் சுண்டு என்றே சொல்கிறார்கள். 1970களில் மெற்றிக் முறை நாட்டுக்கு வந்தபின், "அரை இறாத்தல்" என்பது மெல்ல மெல்லக் "கால் கிலோ" என்று மாறிற்று. அரிசியைப் பொறுத்தவரை அது பெரிய பிழையல்ல. எமது பேணியில் அரிசி 240 கிராம் நின்றது. கால் கிலோவுக்குப் பத்துக் கிராம்தான் குறைவு.

மக்கறோனிக்கு ஏன் இவ்வளவு குறைவு என்பதைக் கண்ணால் காண ஒரு சிறு சோதனை செய்யலாம். பேணி நிறைய மக்கறோனி போட்டு, அதற்குள் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எமது பேணி வெறுமையாக இருக்கும்போது 300 மில்லிலீற்றர் தண்ணீர் கொள்ளும். மக்கறோனி நிறைந்திருந்தபோதும் அதற்குள் 200 மில்லிலீற்றர் வரையில் தண்ணீர் இறங்கியது! அப்படியானால் பேணியின் மூன்றில் இரண்டு பங்கு காற்று. குழாய்க்குள் காற்று, வளைவுக்குள் காற்று, ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நிற்கின்ற இடைவெளியில் காற்று. அரிசியிலும் காற்று உண்டு, ஆனால் அரைப்பங்குக்கும் குறைவு. (நனைந்த மக்கறோனியை எறியவேண்டாம், உடனே உலையில் போட்டுவிடலாம்.) இந்தச் சோதனையை அந்த அக்காவுக்கு முன்னால் செய்தோம். தண்ணீர் இறங்க இறங்க அவர் முகத்தில் கண்ட வியப்பை எந்தக் கருத்தரங்கிலும் நாம் கண்டதில்லை.

பின்னர் சமையலறையிலிருந்த மற்றப் பொருட்களையும் அதே பேணியால் அளந்து நிறுத்தோம். சீனி 250 கிராம். மைசூர்ப்பருப்பு அரிசியைப் போலவே 240. பயறு சற்றுக் கூட, 255 வரையில். கோதுமை மாவோ எம்மை நன்றாகவே அலைக்கழித்தது. அரித்து, கரண்டியால் மெதுவாகப் பெய்து தலைதட்டியபோது 155 கிராம். அதே மாவைப் பேணியால் அள்ளி அமத்தி நிரப்பியபோது 185 கிராம். ஒரே பொருள், ஒரே பேணி, முப்பது கிராம் வித்தியாசம். றொட்டிக்கு மா குழைக்கும்போது ஒரு நாள் தண்ணீர் கூடிவிட்டது, மறுநாள் காணவில்லை என்று குறைப்படுகிறோமே, அதற்குத் தண்ணீரிலும் பார்க்கப் பேணியில் மா நிரப்பிய விதமே காரணமாக இருப்பதுண்டு.

வாசகர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துப் பாவிக்கவேண்டாம். உங்களுடைய பேணி எமது பேணி அல்ல. இப்பொழுது கடைகளில் வரும் பேணிகள் பல அளவுகளில் உள்ளன; பால்மாப் பேணி வேறு, மீன் ரின் வேறு. சமையல் குறிப்புகளில் வரும் "கோப்பை" என்பதிலும் ஏமாற வேண்டாம். அமெரிக்கக் குறிப்பில் அது ஏறக்குறைய 240 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியக் குறிப்பில் 250. நாம் தேநீர் குடிக்கும் கோப்பை இவ்விரண்டிலும் சிறிதாகவே பெரும்பாலும் இருக்கும். எனவே சமையலறைக்கு ஒரு பேணியைத் தெரிந்தெடுங்கள். விளிம்பை மடித்துத் தட்டி, வெளியே வர்ணத்தால் ஒரு கோடு போட்டு, அளப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பேணிக்கு மட்டும் உரிய கணக்கை நீங்களே செய்துகொள்ளுங்கள்.

தராசு இல்லையே என்று கேட்பீர்கள். தராசு தேவையில்லை, அச்சடித்த பக்கற் ஒன்று போதும். 400 கிராம் என்று போட்ட மக்கறோனிப் பக்கற் ஒன்றை வெட்டி, உங்கள் பேணியால் தலைதட்டி அளவுங்கள். எத்தனை பேணி வருகிறது? எமக்கு மூன்று பேணிக்குச் சற்றுக் குறைவாக வந்தது. இரண்டு பேணி நிறைந்து, மூன்றாவது பேணியில் விளிம்புக்கு ஒரு விரல் தாழ நின்றது. 400 ஐ 2.85 ஆல் பிரித்தால் 140. தராசு சொன்ன அதே விடை. இப்படியே ஒரு கிலோ மாப் பக்கற், ஒரு கிலோ சீனிப் பக்கற் என்று ஒவ்வொன்றாகப் பேணிக் கணக்குக்குக் கொண்டுவரலாம். பக்கற் வாங்குகின்ற நாளில் ஐந்து நிமிட வேலை.

பக்கற்றில் வராமல் சாக்கில் வருகின்ற பொருளுக்குத் தண்ணீரைப் படிக்கல்லாக வைக்கலாம். ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோ. அரை லீற்றர் அரைக் கிலோ. நேரான தடி ஒன்றை நடுவிலே கயிற்றால் கட்டித் தூக்குங்கள். இரு முனைகளிலும் ஒரே மாதிரியான இரண்டு பைகளைத் தொங்கவிட்டு, தடி கிடையாக நிற்கும்படி நடுக்கயிற்றை நகர்த்திச் சரிசெய்யுங்கள். ஒரு பையில் அரை லீற்றர் தண்ணீர் நிரப்பிய போத்தலை வையுங்கள். மற்றப் பையில் அதேபோன்ற வெறும் போத்தலை வைத்து, தடி மீண்டும் கிடையாக வரும்வரை பொருளைப் போடுங்கள். வெறும் போத்தலை மறந்தால் போத்தலின் நிறையும் பொருளின் கணக்கில் ஏறிவிடும். நகை நிறுப்பதற்கு இது உதவாது. சமையலுக்குத் தாராளமாகக் காணும்.

இவ்வளவும் முடிந்து, சுவரிலிருந்த பழைய அட்டவணையைக் கழற்றிவிட்டுப் புதியதை ஒட்டினோம். அதில் கிராம் இல்லை. "மக்கறோனி: எட்டரைப் பேணி, தலைதட்டி" என்று மட்டும் எழுதினோம். 1200 ஐ 140 ஆல் பிரித்தால் எட்டரைக்குச் சிறிது கூடவே வரும். அந்தச் சிறிதை ஒரு பிடியாகப் போடும்படி சொன்னோம். பிள்ளைகளின் பசி தீர்ந்தது. பை நான்கு வாரத்தில் முடிந்தது. செலவு கூடிவிட்டது என்று கூட்டத்தில் ஒருவர் முறைப்பட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய கணக்கு எப்படி வந்தது என்பதை விளக்க அன்று நெடுநேரம் சென்றது.

ஆனால் பாடம் அத்தோடு முடியவில்லை. சில மாதங்களின் பின் கடையில் வழமையான வளைந்த குட்டைக் குழாய் மக்கறோனி கிடைக்கவில்லை. சிப்பி வடிவத்தில் உள்ளதை அனுப்பிவிட்டார்கள். அக்கா சுவரிலே எழுதியபடி எட்டரைப் பேணி போட்டார். ஆனால் இம்முறை அவரே சந்தேகப்பட்டு ஆளனுப்பினார். "ஐயா, இது பேணிக்குள்ளை படுக்குதில்லை, எழும்பி நிக்குது. காத்துக் கூடவாக்கும்" என்றார். நிறுத்துப் பார்த்தோம். பேணிக்கு 95 கிராம்தான்! எட்டரைப் பேணியில் 800 கிராமும் ஒரு சொட்டும். 1200 கிராமுக்குப் பன்னிரண்டரைப் பேணிக்கு மேல் வேண்டும். மா ஒன்று, கோதுமை ஒன்று, வடிவம் மட்டும் வேறு. சரிவாக வெட்டிய நீண்ட குழாய் வடிவம் இவ்விரண்டுக்கும் இடையில், 105 கிராம் வரையில் நிற்கும். ஆகவே மக்கறோனியைப் பொறுத்தவரை, வடிவம் மாறினால் பேணிக் கணக்கும் மாறும். புதிய வடிவம் வந்தால் பழைய அட்டவணையை நம்பாமல் திரும்ப அளக்கவேண்டும்.

ஸ்பகெற்றியைப் பேணியால் அளக்கவே முடியாது. முறித்துப் போட்டு அளக்கின்றவர்கள் உண்டு. ஆனால் முறித்த துண்டின் நீளத்துக்கு ஏற்ப அளவு மாறிவிடும். அதைவிடப் பக்கற்றைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு போவது நல்லது. 500 கிராம் பக்கற்றை இரண்டு சம கட்டாக்கினால் 250, திரும்பவும் பிரித்தால் 125, இன்னொரு தரம் பிரித்தால் 60 கிராமும் சிறிதும். வளர்ந்த ஒருவருக்கு ஒரு வேளைக்கு அது அளவான பங்கு. அந்தச் சிறு கட்டைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி அடையாளமாக வைத்துக்கொண்டால் அடுத்த தடவை பிரிக்கவேண்டியதில்லை. நூலின் சுற்று ஐந்தரைச் சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். இங்கே ஒரு பொறி உண்டு. இரண்டு பேருக்கு நூலை இரு மடங்கு நீளமாக எடுக்கலாம் என்று எண்ணத் தோன்றும். அப்படி எடுத்தால் கட்டுக்குள் நான்கு பேருக்கான ஸ்பகெற்றி வந்துவிடும். சுற்றளவு இரண்டு மடங்காகும்போது உள்ளே அடங்கும் இடம் நான்கு மடங்காகிறது. நூலை நீட்டாமல், ஒரே நூலால் இரண்டு தரம் அளப்பதே பாதுகாப்பு.

இன்னொரு மயக்கம் சமைத்ததற்கும் சமைக்காததற்கும் இடையிலானது. 50 கிராம் மக்கறோனி அவிந்தபின் தண்ணீரைக் குடித்து நிறையில் இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக, நூறு கிராமைத் தாண்டி வரும். கனவளவில் எமது பேணியின் ஐந்தில் நான்கு பங்கு. குறிப்பு ஒன்றில் "மக்கறோனி 100 கிராம்" என்று மட்டும் இருந்தால், அது சமைக்காத நிறையா, சமைத்த நிறையா என்று முதலில் பாருங்கள். பிழைத்தால் பாதியாகும், அல்லது இரட்டிப்பாகும். ஆனால் இதிலே ஒரு வசதியும் உண்டு. அவித்தபின் வடிவ வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. சிப்பியோ குழாயோ, 50 கிராம் அவிந்து ஏறக்குறைய ஒரே அளவான பங்கையே தரும். எனவே பரிமாறும் இடத்திலும் ஒரு சரிபார்ப்பு வைத்தோம். ஒரு பிள்ளைக்கு முக்கால் பேணிக்கு மேல் வராவிட்டால், உலையில் போட்டது குறைவு. ஏழு வாரமாக இதை யாராவது பார்த்திருந்தால் இரண்டாம் நாளே பிழை பிடிபட்டிருக்கும்.

தலைதட்டி என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோபுரமாக அளந்த மக்கறோனி கொஞ்சம் கூடினால் யாருக்கும் தீங்கில்லை. உப்பு அப்படியல்ல. வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு ஜீவனி பக்கற் கிடைக்காத வேளையில் வீட்டில் கரைக்கும் நீருக்கு, கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர், சீனி ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி என்பது கணக்கு. எல்லாம் தலைதட்டியே. ஐந்து மில்லிலீற்றர் கொள்ளும் தேக்கரண்டியில் தூள் உப்பு தலைதட்டி ஆறு கிராம். கோபுரமாக அள்ளினால் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்லமுடியாது. உப்புக் கூடிய நீர் குழந்தைக்கு ஆபத்து. இந்த ஓர் இடத்தில் கைக்கணக்கு வேண்டாம். நீரைக் கொடுத்துக்கொண்டே பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மாதர் சங்கங்கள் தமது அடுத்த கூட்டத்தை இந்த வேலைக்கு ஒதுக்கலாம். ஒவ்வொருவரும் வீட்டில் பாவிக்கும் பேணியைக் கொண்டுவரட்டும். எல்லாப் பேணிகளையும் வரிசையாக வைத்து, அளவுக்கோடு போட்ட போத்தலால் தண்ணீர் ஊற்றி, எது எத்தனை மில்லிலீற்றர் கொள்ளுகிறது என்று பாருங்கள். எல்லாம் ஒன்றுதான் என்று முதலில் பந்தயம் பிடிப்பவர்கள் இருப்பார்கள், பிடிக்கட்டும். பின் ஒரு மக்கறோனிப் பக்கற், ஒரு மாப் பக்கற், ஒரு சீனிப் பக்கற் வெட்டி அளந்து, அவரவர் பேணிக்குரிய எண்களை ஒரு மட்டையில் எழுதிக்கொண்டு போகட்டும். திரிபோஷ பெறுகின்ற தாய்மாரும் தமது பக்கற்றைக் கொண்டுவரலாம். 750 கிராம் பக்கற், நாளொன்றுக்கு 50 கிராம் வீதம் 15 நாளைக்கு உரியது. பக்கற்றை வீட்டிலுள்ள சிறு கோப்பையால் அளந்து, வந்த எண்ணிக்கையை 15 ஆல் பிரித்தால் பிள்ளையின் ஒரு நாள் பங்கு எத்தனை கோப்பை என்று தெரிந்துவிடும். பக்கற் 15 நாளுக்கு முன் தீர்ந்தால் வீட்டில் வேறு யாரோ உண்கிறார்கள். 15 நாள் கழித்தும் மிஞ்சியிருந்தால் மகிழாமல், கோப்பையை எடுத்துத் திரும்ப அளந்து பாருங்கள்.